லாக்கப் வன்முறை: சட்ட நிவாரணத்தின் இந்திய வரலாறு

சட்டவிரோதக் கைது, அடி, சித்திரவதை, காவல் மரணம் ஆகியவற்றால் பாதிக்கப்பட்டவரோ அவர் குடும்பத்தாரோ காவல்துறையினர்மீது நடவடிக்கை கோர இந்தியாவில் மூன்று முதன்மையான வழிகள் உண்டு. அடித்தவரைத் தண்டிக்கக் குற்றவியல் வழக்குப் போடலாம். நஷ்டஈடு கேட்டு சிவில் நீதிமன்றம் போகலாம். அரசமைப்புச் சட்டத்தின் 32 அல்லது 226ஆம் பிரிவின்கீழ் உச்ச நீதிமன்றத்திலோ உயர் நீதிமன்றத்திலோ ரிட் மனு தாக்கல் செய்யலாம். 1993க்குப் பிறகு மனித உரிமை ஆணையங்களும் சேர்ந்துகொண்டன. முதல் இரண்டு வழிகளும் பிரிட்டிஷார் காலத்தவை. ரிட் மனுவில் இழப்பீடு பெறும் வழி 1983இல்தான் திறந்தது, ஆனாலும் ஏழைக் குடும்பங்கள் கையில் ஏதாவது பெற்றது பெரும்பாலும் அந்த வழியில்தான்.

சென்னை மாகாணத்துச் சித்திரவதை ஆணையம்

இந்த வரலாற்றின் தொடக்கம் தமிழ் மண்ணில் இருக்கிறது. காசுலு லட்சுமிநரசு செட்டி 1852இல் தொடங்கிய சென்னைச் சுதேசிகள் சங்கம், வரி வசூலுக்காகக் குடியானவர்கள் வதைக்கப்படுவதை இங்கிலாந்துவரை எடுத்துச் சென்றது. பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் 1854இல் விவாதம் எழ, எலியட், ஸ்டோக்ஸ், ஜான் புரூஸ் நார்ட்டன் ஆகிய மூவரைக் கொண்ட ஆணையம் அமைந்தது. 1855இல் வெளியான அதன் அறிக்கையின்படி வந்த புகார்கள் 1,959. அவற்றில் 519 பேர் நேரில் வந்து சொன்னவர்கள், 1,440 பேர் கடிதம் அனுப்பியவர்கள். சாலை வசதி குறைந்த அந்தக் காலத்தில், தாசில்தாரின் ஆட்களைப் பகைத்துக்கொண்டு 519 பேர் நேரில் வந்ததே பெரிய செய்தி.

வெயிலில் நிறுத்துவது, சோறு தண்ணீர் தராமல் வைப்பது, குனிந்த நிலையில் கழுத்தையும் கால்விரலையும் சேர்த்துக் கட்டுவது என்று அறிக்கையின் பட்டியல் நீள்கிறது. அதிகம் பேசப்பட்டது கிட்டி. ஒரு முனையில் கட்டிய இரண்டு குச்சிகளுக்கிடையே விரல்களை வைத்து நெரிக்கும் கருவி அது. எலுமிச்சை பிழிவதைப் போல என்று ஆணையமே உவமை சொன்னது. தமிழில் ‘கிடுக்கிப்பிடி’ என்ற சொல்லைச் சாதாரணமாகப் பயன்படுத்துகிறவர்கள், அப்படி உண்மையாகவே பிடிபட்ட விரல்கள் இருந்தன என்பதை அறிந்திருக்க மாட்டார்கள்.

வதைத்தவர்கள் உள்ளூர் ஊழியர்களே, வெள்ளை அதிகாரிகள்மேல் ஜனங்களுக்குக் குறையில்லை என்று ஆணையம் முடித்தது. கார்ல் மார்க்ஸ் 1857 செப்டம்பரில் ‘நியூயார்க் டெய்லி டிரிப்யூன்’ இதழில் இந்த அறிக்கையை வைத்தே கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சியைக் கடுமையாகச் சாடினார். அறிக்கையின் நிலைத்த பங்களிப்பு வேறொன்று. வரி கேட்பவரும் திருடனைப் பிடிப்பவரும் ஒரே ஆளாக இருந்தால் குடியானவன் முறையிட இடமில்லை என்று அது கண்டது. காவலையும் வருவாய்த் துறையையும் பிரிக்கும் 1859ஆம் ஆண்டின் சென்னைக் காவல் சட்டம் அதைத் தொடர்ந்து வந்தது. இந்தியா முழுமைக்குமான காவல் சட்டம் 1861இல் வந்தது.

ஏட்டில் இருந்த குற்றம்

1860இன் இந்திய தண்டனைச் சட்டம் வாக்குமூலத்துக்காகக் காயப்படுத்துவதைத் தனிக் குற்றமாக்கியது. 330ஆம் பிரிவில் 7 ஆண்டு வரை, கொடுங்காயம் என்றால் 331இல் 10 ஆண்டு வரை சிறை. சட்டத்தை எழுதியவர்கள் 330க்குக் கொடுத்த முதல் எடுத்துக்காட்டே, குற்றத்தை ஒப்புக்கொள்ளச் சொல்லி ஒருவரை வதைக்கும் போலீஸ் அதிகாரிதான். போலீஸாரிடம் கொடுக்கும் வாக்குமூலம் செல்லாது என்ற விதி 1861இன் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் தோன்றி, 1872இல் சாட்சியச் சட்டத்தின் 25, 26ஆம் பிரிவுகளானது. தன் போலீஸை நம்பாத ஒரு அரசு எழுதிய விதி அது. 2024 ஜூலை 1 முதல் இவை பாரதிய நியாய சன்ஹிதையின் 120ஆம் பிரிவாகவும், பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 23ஆம் பிரிவாகவும் எண் மாறியிருக்கின்றன.

சட்டம் இருந்தும் தண்டனை அரிதானதற்குக் காரணம் சாட்சி. அடிபட்ட இடம் ஸ்டேஷன், பதிவேடு இருப்பது ஸ்டேஷனில், பார்த்தவர்கள் சக காவலர்கள். லாக்கப்பில் இருக்கும்போது ஒருவர் காயமடைந்தால் அவரைக் காவலில் வைத்திருந்த காவலர்தான் காரணம் என்று நீதிமன்றம் அனுமானிக்க இடம்தரும் வகையில் 114பி என்ற பிரிவைச் சேர்க்கும்படி சட்ட ஆணையம் தன் 113ஆம் அறிக்கையில் 1985இல் பரிந்துரைத்தது. உச்ச நீதிமன்றம் அதை ஆதரித்துப் பேசியது. பிரிவு மட்டும் வரவில்லை. ‘பாத்ரூமில் வழுக்கி விழுந்தார்’ என்ற விளக்கமும் மாவுக்கட்டுப் போட்ட கையின் புகைப்படமும் தமிழ்நாட்டில் கேலிப் பேச்சாகவே மாறிவிட்டன. அந்தக் கேலியில் ஒரு பகுதி சம்மதமும் கலந்திருக்கிறது என்பதுதான் சங்கடம்.

மாமன்னரின் கவசம்

நஷ்டஈட்டுக் கதை ஒரு குதிரையில் தொடங்குகிறது. கல்கத்தா கிதர்பூர் கப்பல் பட்டறையில் அரசு வேலையாட்கள் தூக்கிச் சென்ற இரும்பு கீழே விழுந்து, பி அண்டு ஓ கப்பல் கம்பெனியின் வண்டிக் குதிரை காயப்பட்டது. கேட்ட தொகை 350 ரூபாய். 1861இல் தலைமை நீதிபதி பார்ன்ஸ் பீகாக் கம்பெனிக்குச் சாதகமாகவே தீர்ப்பளித்தார். ஆனால் வியாபாரம் போன்ற காரியங்களில்தான் அரசு பொறுப்பு, இறையாண்மைக் காரியங்களில் பொறுப்பில்லை என்று அவர் பிரித்த கோடு நூறு ஆண்டுக்கும் மேல் நின்றது.

அந்தக் கோட்டின் விளைவை கஸ்தூரிலால் வழக்கில் பார்க்கலாம். அமிர்தசரஸ் நகை வியாபாரி ஒருவரை 1947 செப்டம்பரில் மீரட் போலீஸார் பிடித்து, நூறு தோலாவுக்கு மேற்பட்ட தங்கத்தைக் கைப்பற்றி ஸ்டேஷனில் வைத்தார்கள். பொறுப்பில் இருந்த தலைமைக் காவலர் தங்கத்தோடு பாகிஸ்தானுக்குப் போய்விட்டார். கைது செய்வதும் பொருளைக் கைப்பற்றுவதும் இறையாண்மைக் காரியம், ஆகவே அரசு பணம் தர வேண்டியதில்லை என்று 1964இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இது மாற வேண்டும், சட்டம் இயற்றுங்கள் என்று நீதிபதிகளே சொன்னார்கள். 1965, 1967 ஆண்டுகளில் மசோதாக்கள் வந்து காலாவதியாயின.

சிவில் வழக்கு இன்றும் உண்டு. ஆனால் அரசுக்கு இரண்டு மாத முன்னறிவிப்பு தர வேண்டும். சட்டவிரோதக் காவலுக்கும் பொய் வழக்குக்கும் காலவரம்பு ஓராண்டுதான்.

இரண்டு கடிதங்கள்

பாகல்பூரில் விசாரணைக் கைதிகளின் கண்களைக் குத்தி அமிலம் ஊற்றிய கொடுமை 1980இல் வெளிவந்தபோது, உரிமை பறிபோனால் நீதிமன்றமே பணம் கொடுக்கச் சொல்லலாமா என்று உச்ச நீதிமன்ற நீதிபதி பகவதி கேட்டார். விடை 1983இல் ருதுல் ஷா வழக்கில் கிடைத்தது. 1968இல் விடுதலையான பிறகும் பீகார் சிறையில் 14 ஆண்டுகள் கிடந்தவர் அவர். தலைமை நீதிபதி சந்திரசூட் 30,000 ரூபாய் தர உத்தரவிட்டார். விடுதலை செய்ததோடு முடிந்தது என்றால் உயிருக்கும் சுதந்திரத்துக்கும் உறுதி தரும் அரசமைப்பின் 21ஆம் பிரிவு வெறும் எழுத்தாகிவிடும் என்பது அவர் வாதம். 1985இல் சட்டமன்றத்துக்குப் போகவிடாமல் கைது செய்யப்பட்ட காஷ்மீர் உறுப்பினர் பீம் சிங்குக்கு 50,000 ரூபாய். 1989இல் டெல்லியில் போலீஸ் அடியால் இறந்த ஒன்பது வயதுச் சிறுவனின் தாய்க்கு 75,000 ரூபாய். ஆனால் கஸ்தூரிலால் தீர்ப்பு இன்னும் அப்படியே நின்றது.

அதை ஒதுக்கியது ஒடிசாத் தாய் ஒருவரின் கடிதம். நீலபதி பெஹராவின் 22 வயது மகனை 1987 டிசம்பர் 1 அன்று போலீஸ் அழைத்துச் சென்றது. மறுநாள் உடல் ரயில் பாதையில் கிடந்தது. தப்பியோடி ரயிலில் அடிபட்டான் என்றது அரசு. தாய் 1988 செப்டம்பரில் எழுதிய கடிதத்தை உச்ச நீதிமன்றம் ரிட் மனுவாக ஏற்றது. 1993இல் நீதிபதிகள் வர்மா, ஆனந்த், வெங்கடாசலா அமர்வு ஒன்றரை லட்சம் ரூபாய் வழங்கியது. இறையாண்மைக் கவசம் சிவில் வழக்கில் சொல்லக்கூடிய எதிர்வாதம், அடிப்படை உரிமை மீறலில் அதற்கு இடமே இல்லை என்று அந்தத் தீர்ப்பு வகுத்தது. இந்தத் துறையில் ஒரே ஒரு தீர்ப்பைப் படிக்க நேரமிருப்பவர் இதைப் படிக்கலாம்.

மற்றொரு கடிதம் மேற்கு வங்கச் சட்ட உதவி அமைப்பின் நிர்வாகத் தலைவர் டி.கே. பாசு 1986 ஆகஸ்டில், லாக்கப் சாவுகள் பற்றிய பத்திரிகைச் செய்திகளை இணைத்து அனுப்பியது. பத்தாண்டு கழித்து, 1996 டிசம்பரில் பதினொரு கட்டளைகள் பிறந்தன. பிடிக்க வருபவர் பெயர்ப்பட்டை அணிய வேண்டும். சாட்சி கையெழுத்தோடு கைதுக் குறிப்பு எழுத வேண்டும். உறவினருக்குச் சொல்ல வேண்டும். 48 மணி நேரத்துக்கு ஒருமுறை மருத்துவப் பரிசோதனை செய்ய வேண்டும். பெரும்பாலானவை பின்னர் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் சேர்ந்தன. குடிமை, அரசியல் உரிமைகளுக்கான சர்வதேச உடன்படிக்கையில் 1979இல் சேர்ந்தபோது, சட்டவிரோதக் கைதுக்கு இழப்பீடு என்ற உரிமை எங்கள் சட்டத்தில் இல்லை என்று இந்தியா எழுதிக் கொடுத்திருந்தது. அந்தக் குறிப்புக்கு இனிப் பொருளில்லை என்றும் பாசு தீர்ப்பு சொன்னது.

தமிழ்நாட்டு வழக்குகள்

1993இல் கம்மாபுரம் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோகப்பட்டவரைத் தேடி அவர் மனைவி தாக்கல் செய்த ஆட்கொணர்வு மனு ‘ஜெய் பீம்’ படத்தால் பரவலாகத் தெரியவந்தது. வழக்கறிஞர் சந்துரு நடத்திய அந்த வழக்கு, ஆளைக் காட்டு என்று கேட்கும் பழைய ரிட்டுக்கு, ஆள் என்ன ஆனார் என்று துருவும் வலுவும் உண்டு என்று காட்டியது.

வாச்சாத்தி இதைவிட நீண்டது. தருமபுரி மாவட்டத்தின் இந்த மலையடிவாரக் கிராமத்தில் 1992 ஜூன் 20 அன்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையினர் சந்தனக்கட்டைச் சோதனை என்ற பெயரில் நுழைந்து, வீடுகளைச் சூறையாடி, 18 பெண்களை வன்புணர்ந்தார்கள். தமிழ்நாடு மலைவாழ் மக்கள் சங்கமும் இடதுசாரிகளும் விடாமல் நடத்திய போராட்டத்தால் விசாரணை சி.பி.ஐ.க்குப் போனது. குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் இடையிலேயே இறந்தார்கள். உயிரோடிருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்று 2011 செப்டம்பரில் தருமபுரி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2023 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்து, பெண்களுக்குத் தலா 10 லட்சம் ரூபாய் வழங்கவும், அதில் 5 லட்சத்தைக் குற்றவாளிகளிடமே வசூலிக்கவும் உத்தரவிட்டது. இழப்பீடு வழக்கமாகக் கருவூலத்திலிருந்து, அதாவது ஊரார் வரியிலிருந்து, போகும். அடித்தவர் சம்பளத்தில் கை வைப்பது அபூர்வம்.

ஆணையங்களும் இன்றைய நடைமுறையும்

1993இன் மனித உரிமைப் பாதுகாப்புச் சட்டம் தேசிய ஆணையத்தை அமைத்தது. தமிழ்நாட்டு ஆணையம் 1997இல் வந்தது. இங்கே கட்டணமில்லை, வழக்கறிஞரும் கட்டாயமில்லை. ஆனால் சம்பவம் நடந்து ஓராண்டுக்குள் போக வேண்டும். ஆணையம் சொல்வது பரிந்துரைதானே என்று அரசு தட்டிக்கழிக்க முடியாது, அது கட்டுப்படுத்தும் என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு 2021இல் தீர்ப்பளித்தது. ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில் காவல் புகார் ஆணையம் வேண்டும் என்று பிரகாஷ் சிங் வழக்கில் 2006இல் உச்ச நீதிமன்றம் கட்டளையிட்டிருந்தது. தமிழ்நாட்டின் 2013ஆம் ஆண்டுச் சட்டமோ உள்துறைச் செயலரைத் தலைவராகவும் காவல் உயரதிகாரிகளை உறுப்பினர்களாகவும் வைத்தது. போலீஸ்மீது புகார் சொல்பவர் போலீஸ் முன்னால் உட்கார வேண்டும் என்றால், 1855இன் ஆணையம் கண்ட சிக்கல் திரும்பிவிட்டது என்று பொருள்.

குற்றவியல் வழியில் முதல் படி எஃப்.ஐ.ஆர். ஸ்டேஷனில் பதிய மறுத்தால் காவல் கண்காணிப்பாளருக்கு எழுதலாம். அதற்கும் பயனில்லை என்றால் நடுவரிடம் மனு அல்லது தனிப் புகார். ரிமாண்டுக்குக் கொண்டுபோகும்போதே அடித்ததை நடுவரிடம் சொல்லிப் பதியவைப்பதும், மருத்துவரிடம் ஒவ்வொரு காயத்தையும் எழுதச் சொல்வதும் பின்னாளில் வழக்கின் முதுகெலும்பாகும். புதிய பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதை, பணியின்போது நடந்ததாகச் சொல்லப்படும் குற்றத்தில் மேலதிகாரியின் அறிக்கையையும் கேட்க வேண்டும் என்று ஒரு தடையைச் சேர்த்தது. வழக்குத் தொடர அரசின் அனுமதி தேவைப்படும் இடத்தில் 120 நாளுக்குள் பதில் வராவிட்டால் அனுமதி கிடைத்ததாகவே கொள்ளலாம் என்று ஒரு சலுகையும் தந்தது. காவல் மரணத்தில் நீதித்துறை நடுவரே விசாரிக்க வேண்டும் என்பது 2006 முதல் சட்டம்.

சித்திரவதையையே பெயர் சொல்லித் தடைசெய்யும் தனிச் சட்டம் இல்லை. சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையில் இந்தியா 1997இல் கையெழுத்திட்டதே தவிர, ஏற்புறுதி செய்யவில்லை. 2010இல் மக்களவையில் நிறைவேறிய மசோதா மாநிலங்களவையைத் தாண்டவில்லை. 2017இல் சட்ட ஆணையம் தன் 273ஆம் அறிக்கையோடு புது வரைவு கொடுத்தது.

கேமராவும் அழிந்த பதிவும்

2020 ஜூனில் சாத்தான்குளத்தில் ஊரடங்கு நேரத்தில் பிடித்துச் செல்லப்பட்ட தந்தையும் மகனும் அடுத்தடுத்து இறந்தபோது, சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தானாக முன்வந்து வழக்கெடுத்தது. விசாரிக்கப் போன நடுவருக்கே ஸ்டேஷனில் ஒத்துழைப்பில்லை. நிலையத்தை வருவாய்த்துறையின் பொறுப்பில் ஒப்படைக்க நீதிபதிகள் உத்தரவிட்டார்கள். வருவாய்த்துறையிடமிருந்து 1859இல் பிரித்த காவலை, ஒரு ஊரில் சில நாளுக்கு மட்டும் அதே துறையிடம் திருப்பிக் கொடுக்க வேண்டிவந்தது. அன்றிரவு நடந்ததைப் பார்த்ததாகச் சாட்சி சொல்ல முன்வந்தவர் அதே நிலையத்துப் பெண் தலைமைக் காவலர். கேமரா இருந்தது, வன்தட்டில் இடமும் இருந்தது. ஆனால் பதிவு அன்றன்றே அழியும்படி அமைத்து வைக்கப்பட்டிருந்ததாக நடுவரின் அறிக்கை சொன்னது.

அதே ஆண்டு டிசம்பரில், பஞ்சாபிலிருந்து போன வேறொரு வழக்கில், எல்லாக் காவல் நிலையங்களிலும் லாக்கப், வராந்தா, வாயில் என எந்த மூலையும் விடுபடாமல் கேமரா வைக்க வேண்டும், பதிவை 18 மாதம், முடியாவிட்டால் ஓராண்டாவது காக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் கட்டளையிட்டது. அடிபட்டவர் அந்தப் பதிவைக் கேட்டு மனித உரிமை ஆணையத்தையோ நீதிமன்றத்தையோ நாடலாம். 2025 செப்டம்பரில், ராஜஸ்தான் காவல் மரணங்கள் பற்றிய பத்திரிகைச் செய்தியைப் படித்த அதே நீதிமன்றம், கேமராக்கள் வேலை செய்கின்றனவா என்று கேட்டுத் தானே ஒரு வழக்கைப் பதிவு செய்துகொண்டது.