அண்ணாமலையில் ஓர் இரவு: சத்திரமும் விடுதியும்

சென்ற ஆண்டு ஒரு பௌர்ணமி நாளில் திருவண்ணாமலைக்குச் சென்றிருந்தோம். மூவரும் தமிழாசிரியர்கள். கிரிவலம் எங்கள் நோக்கமன்று. மறுநாள் செங்கம் சென்று, மலைபடுகடாம் பாடும் நன்னனின் நிலத்தைப் பார்க்க வேண்டும் என்பதே எண்ணம். நாள் பார்க்காமல் கிளம்பியது எங்கள் பிழை. மாட வீதிகளை ஒட்டிய விடுதிகளில் அறையில்லை. இருந்த ஓரிரண்டுக்கும் மற்ற நாள்களைப்போல் நான்கு மடங்கு வாடகை கேட்டார்கள். கடைசியில் அவலூர்பேட்டை சாலையில், கோயிலை விட்டு வெகுதூரம் தள்ளி, ஒரு மலிவு விடுதியில் இடம் கிடைத்தது.

நள்ளிரவு வரை பக்கத்து அறையில் சீட்டாட்டம். சில்லறை விழும் ஓசையும் சிரிப்பும் சுவரைத் தாண்டி வந்தன. கீழே சென்று முறையிட்டோம். மேலாளர் பணிவாகவே பேசினார்: "கொஞ்சம் பொறுத்துக்குங்க சார். பௌர்ணமி மாசத்துல ஒரு நாள்தான். அவங்க வாராவாரம் வர்றவங்க. மத்த நாள்ல கரண்ட் பில்லே அவங்களாலதான் கட்டுறோம்."

எங்கள் உறக்கத்தைக் கெடுத்தது சீட்டாட்டத்தைவிட இந்தச் சொற்களே. வழிப்போக்கன் ஒருவன் தலைசாய்க்கும் ஓர் இரவுக்கு, உண்மையில் யார் பணம் கொடுக்கிறார்கள்?

மேலாளர் தம்மை அறியாமலே ஒரு பெரிய வணிகத்தின் அடிப்படையைச் சொல்லிவிட்டார். அமெரிக்காவின் நெவாடா மாநிலம் 1931இல் சூதாட்டத்தைச் சட்டப்படி அனுமதித்தது. லாஸ் வேகாஸ் நகரில் எழுந்த கேசினோ விடுதிகள் நெடுங்காலம் அறையையும் உணவையும் மிகக் குறைந்த விலைக்கே கொடுத்தன. கட்டிலில் விட்டதை ஆட்ட மேசையில் எடுத்தார்கள். ஒருவர் மலிவாக உறங்கப் பக்கத்தில் இன்னொருவர் தோற்றாக வேண்டும். பெரும்பாலும் இருவரும் ஒருவரே. நம் நாட்டில் கோவா 1992இல் தன் சட்டத்தைத் திருத்தி, ஐந்து நட்சத்திர விடுதிகளில் சூதாட்ட இயந்திரங்களுக்கு இடமளித்தது. தமிழகத்தில் 1930ஆம் ஆண்டுச் சட்டம் சூதாட்ட விடுதி நடத்துவதைக் குற்றமாக்கியிருக்கிறது. 2003இல் லாட்டரிச் சீட்டும் இங்கே தடை செய்யப்பட்டது. குறளில் சூது அதிகாரத்தைப் படித்தவர்கள் ஒன்றைக் கவனித்திருக்கலாம். அங்கே கழகம் என்ற சொல் சூதாடும் இடத்தையே குறிக்கிறது. பல்கலைக்கழகங்களில் படித்து வந்த எங்களுக்கு அந்த இரவில் அது வேடிக்கையாகத் தோன்றியது.

சத்திரத்தின் கணக்கு வேறு. தமிழ்நிலத்தில் வழிப்போக்கரின் இரவை வழிப்போக்கர் அல்லாத யாரோ ஏற்றுக்கொண்டார்கள். மலைபடுகடாத்தில் கூத்தர் செல்லும் வழியெங்கும் மலைநாட்டுக் குடிகள் உணவளிக்கின்றனர். மணிமேகலை காட்டும் உலகவறவி, யாரும் வந்து தங்கக்கூடிய ஊர்ப்பொது அம்பலம். பிற்காலத்தில் இந்த அறம் நிலமாகவும் வருவாயாகவும் உறுதிபெற்றது. ஊரோ அரசரோ வணிகரோ நன்செய் எழுதிவைப்பார்கள். அதன் விளைச்சலில் அடுப்பெரியும்.

தஞ்சை மராட்டியரின் சத்திரங்கள் இதன் உச்சம். ஒரத்தநாட்டில் இரண்டாம் சரபோஜி 1802இல் நிறுவிய முக்தாம்பாள் சத்திரம் இன்றும் நிற்கிறது. அதற்கு முந்தைய ஆண்டு அவர் ஆங்கிலேய ரெசிடெண்டுக்கு எழுதிய கடிதத்தில், தம் சத்திரங்களின் பணிகளை விளக்குகிறார். இராமேசுவர யாத்திரிகர்க்கு உணவு, நோயுற்றோர்க்கு மருத்துவம், கருவுற்ற பெண்களுக்குப் பேறுகாலக் கவனிப்பு, வழியில் இறந்தோர்க்கு ஈமக்கடன் என்று அந்தப் பட்டியல் நீள்கிறது. நாடு கைவிட்டுப் போன ஓர் அரசர், சத்திரங்களை மட்டும் விட்டுவிடாதீர்கள் என்று வேண்டிய கடிதம் அது. கம்பெனியாரும் இதன் எடையை அறிந்திருந்தனர். 1817ஆம் ஆண்டுச் சென்னை ஒழுங்குவிதி VII, கோயில்களோடும் பாலங்களோடும் சத்திரங்களையும் சேர்த்தே அறக்கட்டளை மேற்பார்வையை வகுத்தது.

திருவண்ணாமலையும் மடங்களாலும் சத்திரங்களாலும் வளர்ந்த ஊர்தான். இங்குக் காசின்றி வந்து சேர்ந்தவர்களில் புகழ்பெற்றவர், பிற்காலத்தில் ரமணர் எனப்பட்ட வேங்கடராமன். பதினாறு வயதுச் சிறுவன். வழியில் கீழூரில் கடுக்கனை அடகு வைத்து நான்கு ரூபாய் பெற்று, 1896 செப்டம்பர் 1 அன்று இரயிலில் வந்திறங்கினான். எஞ்சிய காசையும் அய்யங்குளத்தில் எறிந்துவிட்டான். ஆயிரங்கால் மண்டபம் அவனுக்கு இடம் தந்தது; யாரோ உணவு தந்தார்கள். பெயர் எழுதச் சொல்லியோ முன்பணம் கேட்டோ யாரும் அவனை நிறுத்தவில்லை.

இந்த இடத்தில் பழம்பெருமை பேசி முடித்துவிடுவது எளிது. ஆனால் அந்தச் சிறுவனுக்குத் திறந்த மண்டபமும் கீழூரில் அவனுக்கு இலை போட்ட வீடும் அதே வயதுடைய எல்லாச் சிறுவர்க்கும் திறந்திருக்குமா? திறந்திரா என்பதே வரலாறு. 1896இல் ஒடுக்கப்பட்ட சாதியில் பிறந்தவன் அந்தக் கோயிலின் வாயிலையே கடந்திருக்க முடியாது. சத்திரங்கள் பலவும் அவரவர் சமூகத்தார்க்கென்றே எழுந்தவை. பொதுச் சத்திரத்திலும் பந்தி வேறு, திண்ணை வேறு. 1950இல் நடைமுறைக்கு வந்த அரசமைப்புச் சட்டம் உணவகங்களிலும் விடுதிகளிலும் சாதியின் பெயரால் தடுப்பதை விலக்கியது. அதன் பிறகும், தர்மசாலைகளையும் சத்திரங்களையும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, தீண்டாமை காட்டுவது தண்டனைக்குரியது என்று 1955இல் தனிச் சட்டம் இயற்ற வேண்டியிருந்தது.

ஆக, பணம் மட்டும் கேட்கும் விடுதிக்கும் ஓர் அறம் உண்டு. அவலூர்பேட்டை சாலை மேலாளர் எங்கள் அடையாள அட்டையைப் பார்த்தார், முன்பணம் வாங்கினார், குலம் கேட்கவில்லை. சத்திரம் பணம் கேட்காமல் பிறப்பைக் கேட்டது. விடுதி பிறப்பைக் கேட்காமல் பணத்தைக் கேட்கிறது. இரண்டையும் கேட்காத ஓர் இடத்தை நம் வரலாற்றில் தேடினால், காப்பியம் காட்டும் உலகவறவிதான் முதலில் நினைவுக்கு வருகிறது.

இந்த இடத்தில் கட்டுரையை முடித்திருக்கலாம். ஆனால் அந்த இரவில் நடந்த இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். நாங்கள் முறையிட்டுக்கொண்டிருந்தபோது, துணிப்பையுடன் முதியவர் ஒருவர் உள்ளே வந்தார். பதினான்கு கிலோமீட்டர் மலைசுற்றி முடித்த கால்கள். அறைக்குக் கொடுக்கப் பணமும் வைத்திருந்தார். "தனி ஆளுக்கு ரூம் தர்றதில்ல பெரியவரே" என்றார் மேலாளர். தனியாக வருபவர் உயிரை மாய்த்துக்கொண்டால் காவல் நிலையத்துக்கு அலைவது யார் என்ற அச்சம் தமிழகத்தின் விடுதிகள் பலவற்றிலும் உண்டு. முதியவர் மறுபேச்சில்லாமல் வெளியேறினார்.

எங்கள் அறையில் கட்டில்கள் மூன்று. ஒரு பாய் விரிக்கத் தரையில் இடமிருந்தது. மூவரும் அதை அறிந்திருந்தோம். ஒருவரும் அழைக்கவில்லை. மாடியேறி வந்து, மலைபடுகடாத்தின் விருந்தோம்பலைப் பற்றி வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தோம்.

விடியலில் செங்கம் பேருந்துக்காக நடந்தபோது, பூட்டிய கடைகளின் படிகளிலெல்லாம் மனிதர்கள் உறங்கிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் அந்த முதியவரும் இருந்தாரா என்று நின்று பார்க்க எங்களுக்குத் துணிவில்லை.