கருவிக்குறிப்பும் சோதனையின் நம்பகமும்: ‘கந்தர்வக்கோட்டை’ என்னும் ஊர்ப்பெயரை முன்வைத்து

புதுக்கோட்டை மாவட்டம் கந்தர்வக்கோட்டை வட்டத்தைச் சேர்ந்த ஒருவர் இணையவழி விண்ணப்பம் நிரப்புகிறார் என்று கொள்வோம். ஊர்ப்பெயர்க் கட்டத்தில் ‘கந்தர்வக்கோட்டை’ என்று தமிழில் இடுகிறார். பள்ளிப் பிள்ளை எண்ணினால் அதில் 9 எழுத்து. யூனிகோட் முறையில் மெய்யின் புள்ளியும் உயிர்மெய்யின் துணையெழுத்தும் தனித்தனிக் குறிகள் என்பதால் கணினி 15 என்று எண்ணும். யூடிஎஃப்-8 வடிவில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட் பிடிக்கும். ஆக 45 பைட். ‘கோ’வின் கொம்பும் காலும் பிரிந்து பதிவாகியிருந்தாலோ 16 குறி, 48 பைட். திரையில் இரண்டுக்கும் வேறுபாடு தெரியாது.

இத்தகைய படிவங்களைச் சோதிக்கும் வேலை இப்போது ஏஐ ஏஜென்ட்களிடம் போகத் தொடங்கியிருக்கிறது. ஏஜென்ட், தான் அழைக்கும் கருவியின் நிரலைப் பெரும்பாலும் பார்ப்பதில்லை. 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் நிறுவனம் வெளியிட்ட மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால் (எம்சிபி) முறையில், கருவியின் பெயர், அதைப் பற்றிய சிறு குறிப்பு, உள்ளீட்டின் வடிவம் ஆகியவையே முதன்மையாக ஏஜென்டுக்குக் கிடைக்கின்றன. எந்தக் கருவியை எப்போது அழைப்பது, வந்த விடைக்கு என்ன பொருள் என்பதையெல்லாம் அது இவற்றைக் கொண்டே முடிவு செய்கிறது.

‘கட்டத்தில் உள்ள சொல்லின் நீளத்தைத் தரும்’ என்று மட்டும் எழுதிய ஒரு கருவியை எண்ணிப் பாருங்கள். தேவை ஆவணம் 40 எழுத்து வரை இடம் உண்டு என்கிறது. கருவி 15 என்று சொல்கிறது. ஏஜென்ட் ‘தேர்ச்சி’ என்று எழுதிவிட்டு அடுத்த சோதனைக்குப் போகிறது. ஆனால் ஆரக்கிள் தரவுத்தளத்தில் 40 என்று அளவிட்ட எழுத்துப்புலம், வேறு விதமாக அமைக்காவிட்டால், 40 பைட்டையே ஏற்கும். மைசீக்வலில் அதே 40 என்பது குறிகளின் எண்ணிக்கை. ஆரக்கிளில் இந்த ஊர்ப்பெயர் 5 பைட் மிஞ்சும், பதிவு ஏறாது. என் வாதம் இதுதான்: குறிப்பு தெளிவில்லாதபோது சோதனை தோற்பதில்லை, தவறாக வெற்றி பெறுகிறது. தோற்றால் ஒருவர் எடுத்துப் பார்ப்பார். பொய்த் தேர்ச்சியை யாரும் திறந்து பார்ப்பதில்லை. அதன் விலையை விண்ணப்பதாரர் கொடுக்கிறார்.

நூலுக்குரிய குற்றங்கள் பத்து என்று வகுத்த பவணந்தி முனிவரின் நன்னூல் இங்கே உரைகல்லாக உதவுகிறது. நீளம் என்று சொல்லி அலகைச் சொல்லாதது குன்றக் கூறல். ‘சரிபார்’ என்று பெயர் வைத்துவிட்டுப் பதிவையே திருத்திவிடும் கருவி மாறுகொளக் கூறல். இது மிக ஆபத்தானது. ‘தேடு’, ‘கண்டறி’ என இரு கருவிகளை அருகருகே வைத்து எது எதற்கென்று சொல்லாமல் விடுவது மயங்க வைத்தல். இன்னொரு பக்கம், கருவியின் வரலாறு முழுவதையும் குறிப்பில் கொட்டினால் ஏஜென்டின் நினைவிடம் வீணாகும். அது மிகைபடக் கூறல்.

நல்ல முன்மாதிரியும் உண்டு. இணைய உலாவியை ஏஜென்ட் இயக்க உதவும் மைக்ரோசாஃப்டின் பிளேரைட் எம்சிபியில் பக்கத்தின் அமைப்பை எழுத்தாகத் தரும் கருவி ஒன்று, திரையைப் படமாக எடுக்கும் கருவி ஒன்று. படத்தை வைத்துக்கொண்டு பொத்தானை அழுத்தும் செயல்களைச் செய்ய முடியாது, அதற்கு முதற்கருவியை அழை என்று இரண்டாவதன் குறிப்பே சொல்லிவிடுகிறது. தன்னால் ஆகாததைச் சொல்லும் இந்த ஒரு வரி, ஆவதைச் சொல்லும் பல வரிகளைவிடப் பயனுள்ளது.

வெறுமையாக வரும் விடைக்கும் குறிப்பில் இடம் வேண்டும். இவ்வூர்ப் பெயரை ஒற்று மிகாமல் ‘கந்தர்வகோட்டை’ என்றும் எழுதுகிறார்கள். ஒரு வடிவைத் தேடி ஒன்றும் கிடைக்காவிட்டால், ஊர் பட்டியலில் இல்லையா, எழுத்து ஒத்துப்போகவில்லையா, தொடர்பே அறுந்துவிட்டதா? மூன்றுக்கும் ஒரே வெற்றுப் பட்டியலைத் திருப்பும் கருவியிடமிருந்து எந்த ஏஜென்டும் உண்மையைப் பெற முடியாது.

ஏஜென்ட்களை இயக்கும் ஏஐ மாதிரிகளின் திறன் வளர வளர இந்தக் கவலை நீங்கிவிடும் என்பார்கள். ஓரளவு சரி. தெரிந்த சொற்களைக் கொடுத்துப் பார்த்துக் கருவியின் அலகை ஏஜென்டே ஊகிக்கலாம். ஆனால் ஒரு முறை ஊகிக்கும், மறுமுறை ஊகிக்காமல் விடும்; மறுபடி ஓட்டினால் அதே முடிவு வரும் என்ற உறுதி போய்விட்டால் அதைச் சோதனை என்று எப்படி அழைப்பது? மேலும் 15 என்ற எண்ணை எவ்வளவு கூர்ந்து பார்த்தாலும் அது குறியா பைட்டா என்பது அந்த எண்ணுக்குள் இல்லை.

தமிழ்ப் படிவங்களைச் சோதிக்கும் குழுக்களிடம் என் வேண்டுகோள் இது. இந்த ஊர்ப்பெயரை ஒற்றோடும் ஒற்றில்லாமலும், துணையெழுத்து சேர்ந்தும் பிரிந்தும் சோதனைத் தரவில் சேருங்கள். நிரலை மறுஆய்வு செய்வதுபோலவே கருவிக்குறிப்பையும் இன்னொருவர் படித்து ஒப்ப வேண்டும். குறிப்பில் ஒரு சொல் மாறினாலும் சோதனையை மீண்டும் ஓட்ட வேண்டும். அலகு எழுதப்படாத கருவியை நம்பி வந்த தேர்ச்சி அறிக்கையில் கையெழுத்திடாதீர்கள்.