மானிப்பாய் மருத்துவ வகுப்பு தமிழுக்கு மாறிய வரலாறு

யாழ்ப்பாணத்து மானிப்பாயில் 1848-ஆம் ஆண்டு ஒரு சிறிய மருத்துவ வகுப்பு தொடங்கியது. முதலில் ஆங்கிலத்தில் நடந்த அவ்வகுப்பு 1864 முதல் தமிழில் நடைபெற்றது. தொடங்கியவரும் மாற்றியவரும் ஒருவரே: அமெரிக்க மிஷனைச் சேர்ந்த மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் (1822–1884). மேலை மருத்துவ நூல்களைத் தமிழில் தந்தவர் என்று கிறீனை நாம் அறிவோம். அந்நூல்களுக்கு எதனால் தேவை வந்தது என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. படிப்பு முடித்த மாணவர் எங்கே போனார்கள் என்று ஓர் ஆசிரியர் கவனித்ததன் விளைவே அது.

மாசச்சூசெட்ஸ் மாநிலத்து வூஸ்டரில் பிறந்த கிறீன், 1845-இல் நியூயார்க்கில் மருத்துவப் பட்டம் பெற்று, 1847-இல் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். ஒரு தனி மருத்துவரால் குடாநாட்டு நோயாளர் அனைவரையும் பார்க்க முடியாது. ஆகவே உள்ளூர் இளைஞர்களைப் பயிற்றத் தொடங்கினார். பாடநூல்கள் ஆங்கிலத்தில் இருந்தன. ஆங்கிலம் அறிந்த மாணவரும் மிஷன் பள்ளிகளில் கிடைத்தனர். எனவே ஆங்கிலத்தில் கற்பித்தது இயல்பே.

ஆங்கிலம் அறிந்த மருத்துவருக்கு அரசாங்கச் சேவை காத்திருந்தது. சம்பளமும் மதிப்பும் அங்கே கூடுதல். பயின்றவர் கிராமத்தை விட்டுத் தொலைதூர உத்தியோகங்களுக்குப் போனால், வகுப்பு எந்த நோக்கத்துக்காகத் தொடங்கப்பட்டதோ அது நிறைவேறாது. தேர்வு முடிவை மட்டும் பார்த்திருந்தால் கிறீனுக்கு இந்தக் குறை புலப்பட்டிருக்காது. மதிப்பெண் பட்டியலில் கையெழுத்திட்டதோடு அந்த ஆண்டு முடிந்தது என்றிருக்கும் எங்களைப் போன்ற ஆசிரியர்கள் இவ்விடத்தைச் சற்று நின்று படிக்க வேண்டும்.

இதே கேள்வி அக்காலத்தில் அருகிலேயே வேறொரு கல்விக்கூடத்தின் முன்னும் நின்றது. 1823-இல் அதே மிஷன் நிறுவிய வட்டுக்கோட்டைச் செமினரி ஆங்கிலக் கல்வியில் பெரும் பெயர் பெற்றிருந்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளான சி. வை. தாமோதரம்பிள்ளையும் கறல் விசுவநாதபிள்ளையும் அங்குப் படித்தவர்களே. ஆனால் 1855-இல் அமெரிக்காவிலிருந்து வந்து ஆராய்ந்த மிஷன் குழுவினர், ஆங்கிலம் கற்றவர் உத்தியோகத்தை நாடுகின்றனர், மிஷனின் நோக்கம் கைகூடவில்லை என்று கருதினர். செமினரி அவ்வாண்டே மூடப்பட்டது. மாணவர் உயர்ந்ததையே குறையாக எண்ணிய அந்த முடிவை என்னால் ஏற்க முடியவில்லை. கிறீனும் மிஷன் ஊழியரே. சமயப் பரப்பலும் அவரது நோக்கங்களில் ஒன்று. ஆயினும் அவர் வகுப்பை மூடவில்லை, மொழியை மாற்றினார்.

மாற்றுவது எளிதாக இருக்கவில்லை. கட்டரின் உடற்கூற்று, உடலியல் நூல் 1852-இலும், மான்செல் எழுதிய மகப்பேற்று நூல் ‘பிரசவ வைத்தியம்’ என்ற பெயரில் 1857-இலும் தமிழில் வந்திருந்தன. துரூயிட்டின் அறுவை மருத்துவ நூலான ‘இரண வைத்தியம்’ அச்சேறியது 1867-இல்தான். அதாவது பெரிய நூல்கள் அச்சாகும் முன்பே வகுப்பு தமிழுக்கு மாறிவிட்டது. நூல்கள் எல்லாம் வரட்டும், பிறகு தமிழில் கற்பிக்கலாம் என்று கிறீன் காத்திருக்கவில்லை. இன்றும் இதே சாக்கைக் கேட்டுக்கொண்டுதானே இருக்கிறோம்!

மொழிபெயர்ப்பில் துணை நின்றவர்கள் அவரிடம் பயின்ற டான்போர்த், சப்மன், போல் முதலியோர். பெயர்களைக் கண்டு வெள்ளையர் என எண்ண வேண்டாம். மிஷன் பள்ளியில் சேர்ந்த தமிழ்ப் பிள்ளைகளுக்கு இவ்வாறு பெயரிடுவது அன்றைய வழக்கம். கலைச்சொல் தேடுவதில் கிறீனுக்கு ஓர் ஒழுங்கு இருந்தது. முதலில் தமிழில் சொல் உண்டா என்று பார்ப்பது, இல்லையெனில் வடமொழி, அங்கும் இல்லையெனில் ஆங்கிலச் சொல்லைத் தமிழ் ஒலிக்கு இசைய எழுதுவது. உடற்கூற்றியல் ‘அங்காதிபாதம்’ ஆயிற்று. வேதியியலோ ‘கெமிஸ்தம்’ ஆயிற்று. இச்சொற்களில் பல இன்று வழக்கில் இல்லை.

இந்த மாற்றத்தில் இழப்பும் இருந்தது. தமிழில் படித்தவருக்கு ஆங்கிலத்தில் நடந்த அரசாங்கச் சேவையில் இடம் அரிது. 1870-இல் கொழும்பில் அரசு தொடங்கிய மருத்துவப் பள்ளியிலும் ஆங்கிலமே பயிற்றுமொழி. கிராமத்துக்கு மருத்துவர் கிடைக்க வேண்டுமென்பதற்காக ஓர் இளைஞன் வெளியே போகும் வழியைக் குறுக்கலாமா? அந்த இளைஞர்களிடம் இதைக் கேட்டிருந்தால் ஒருமித்த விடை வந்திருக்காது. எனினும், தன் தாய்மொழியில் நோயைச் சொல்லி, அதே மொழியில் மருத்துவம் பயின்றவரிடம் விளக்கம் பெற்ற கிராமத்து நோயாளியை எண்ணும்போது கிறீன் பக்கமே என் மனம் சாய்கிறது.

கிறீனிடம் அறுபதுக்கும் மேற்பட்டோர் மருத்துவம் கற்றனர். அவர்களில் பாதியளவினர் தமிழில் கற்றவர்கள். இலண்டனில் 1858-இல் வெளிவந்த கிரேயின் உடற்கூற்று நூல், பதினான்கே ஆண்டுகளில், 1872-இல், ‘மனுஷ அங்காதிபாதம்’ என்ற பெயரில் தமிழுக்கு வந்தது. பொது மருத்துவ நூலான ‘வைத்தியாகர’மும் அதே ஆண்டில் வெளியாயிற்று. மறு ஆண்டு கிறீன் தாயகம் திரும்பினார். வூஸ்டரில் இருந்தபடியே தமிழ் நூற்பணியைத் தொடர்ந்தார். ‘கெமிஸ்தம்’ 1875-இல் வந்தது. டால்டனின் உடலியல் நூல் ‘மனுஷ சுகரணம்’ என்று 1883-இல் அச்சேறியது. அடுத்த ஆண்டு மே மாதம் அவர் காலமானார்.