சம்பளம் வாங்காத நிருபர்கள்



நாட்காட்டியைப் புரட்டினால் உலகம் முழுவதும் கடைப்பிடிக்கும் நாட்கள் பல நம் கண்ணில் படுகின்றன. மார்ச் 8 அனைத்துலக மகளிர் தினம். ஏப்ரல் 7 உலக சுகாதார தினம். இது 1950 முதல் நடைபெற்று வருகிறது. டிசம்பர் 1 உலக எய்ட்ஸ் தினம். இது 1988இல் தொடங்கியது. இந்த நாட்களில் பெண்ணின் உரிமை பற்றியும் ஊரின் உடல்நலம் பற்றியும் பொதுமக்களே எழுதுகிறார்கள். பத்திரிகையில் வேலை பார்க்காத ஒருவர் தாம் கண்டதைத் தாமே செய்தியாக்கித் தருவதைக் குடிமக்கள் செய்தித்துறை என்று இன்று அழைக்கிறோம். பெயர் புதிது. ஆனால் செயல் நம் பாட்டன் காலத்துச் செயல். நீலாய்ப் பக்கத்துத் தோட்டங்களில் நின்றுகொண்டு அந்த வரலாற்றைச் சற்றே திரும்பிப் பார்ப்போம்.

கோலாலம்பூரிலிருந்து சிரம்பானுக்குச் செல்லும் இரயில் பாதையில், நெகிரி செம்பிலான் மாநிலத்தின் வடக்கே அமைந்தது நீலாய். இன்று அங்கே பல்கலைக்கழகமும் கல்லூரிகளும் தொழிற்சாலைகளும் புதிய வீடமைப்புப் பகுதிகளும் உள்ளன. ஒரு காலத்தில் நீலாயைச் சுற்றியும், லாபு, மந்தின் பக்கமும் கண்ணுக்கெட்டிய தூரம் ரப்பர் மரங்களே நின்றன. விடியுமுன் பெரட்டுக் களத்தில் ஆள் கணக்கு எடுப்பார்கள். தாய்மார் கைக்குழந்தையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டு, உளியும் வாளியும் எடுத்துக்கொண்டு நிரைக்குப் போவார்கள். லயத்து வீடு தோட்டத்துக்குச் சொந்தம். வேலை போனால் வீடும் போகும். இதை நாம் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். ஏனென்றால் ஒரு தொழிலாளி பத்திரிகைக்குக் கடிதம் எழுதுவது என்றால், தன் கூரையையே பணயம் வைப்பதாகும்.

அப்படியும் எழுதினார்கள். 1924இல் கோலாலம்பூரில் 'தமிழ் நேசன்' தோன்றியது. 1935இல் சிங்கப்பூரில் கோ. சாரங்கபாணி அவர்களின் முயற்சியால் 'தமிழ் முரசு' தோன்றியது. தோட்டத்துக்கு ஒரு பத்திரிகை வந்தாலும் போதும். ஒருவர் உரக்கப் படிப்பார், பத்துப் பேர் சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள். கேட்டவர்களில் ஒருவருக்குத் தம் தோட்டத்து நிலையும் அதில் வர வேண்டும் என்று தோன்றும். பள்ளி ஆசிரியரோ, எழுதத் தெரிந்த இளைஞரோ காகிதம் எடுப்பார். பெயருக்குப் பதிலாகத் தொழிலாளி என்றோ, உண்மை விளம்பி என்றோ கையெழுத்து விழும். இவர்களே நம் சம்பளம் வாங்காத நிருபர்கள்.

அவர்கள் எழுத வேண்டியிருந்த செய்தி என்ன? முதலில் கூலிக் கணக்கைப் பார்ப்போம். 1920களின் இறுதியில், போக்குவரத்து வசதியுள்ள பகுதிகளில் தோட்டத்து ஆணின் நாட்கூலி 50 காசு; பெண்ணின் நாட்கூலி 40 காசு. பிறகு உலகப் பொருளாதார மந்தம் வந்தது. ரப்பர் விலை வீழ்ந்தது. கூலி 40 காசாகவும் 32 காசாகவும் இறங்கியது. 1936ஆம் ஆண்டின் இறுதியில் வி. எஸ். சீனிவாச சாஸ்திரியார் இந்திய அரசின் சார்பில் மலாயாவுக்கு வந்து தொழிலாளர் நிலையை ஆராய்ந்தார். பழைய 50, 40 காசைத் திரும்பக் கொடுக்க வேண்டும் என்று 1937இல் அறிக்கை தந்தார். கூலி ஏறியது. 1938இல் மறுபடியும் 45, 36 என்று இறங்கவே, உதவிபெற்றுத் தொழிலாளர் இங்கு வருவதை இந்திய அரசு அவ்வாண்டு ஜூனில் தடைசெய்தது.

நேயர்களே, இந்த எண்களைக் கொஞ்சம் கூர்ந்து பாருங்கள். 50க்கு 40, 40க்கு 32, 45க்கு 36. கூலி ஏறினாலும் இறங்கினாலும் ஆணுக்கு ஐந்து பங்கு என்றால் பெண்ணுக்கு நான்கு பங்குதான். ஏற்ற இறக்கத்தைப் பற்றிச் சண்டை நடந்தது. சட்டமன்றங்களில் பேச்சு நடந்தது. அந்த ஐந்தாவது பங்கு எங்கே போயிற்று என்ற கேள்வி ஓரத்தில்தான் நின்றது. நியாயம் கேட்டவர்களின் கோரிக்கைக்குள்ளேயே ஒரு அநியாயம் உட்கார்ந்திருந்தது. எல்லோர் கண்ணுக்கும் பழகிப்போன ஒன்று செய்தியாவதில்லை. இதுவே இந்த வரலாறு நமக்குத் தரும் முதல் பாடம்.

இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அன்று தோட்டத்துப் பெண்களில் எழுதத் தெரிந்தவர் மிகச் சிலரே. பெண்ணின் குறையை ஆண்தான் எழுத வேண்டியிருந்தது. 1929ஆம் ஆண்டின் இறுதியில் பெரியார் மலாயாவுக்கு வந்து சென்றபின், விதவை மறுமணம், பெண் கல்வி முதலிய கருத்துகள் இங்கே வேகமாகப் பரவின. பத்திரிகைகளில் விவாதமும் நடந்தது. ஆயினும் ஒருவருக்காக மற்றொருவர் எழுதும்போது சில வலிகள் விட்டுப்போகத்தான் செய்யும்.

இனி உடல்நலத்துக்கு வருவோம். தோட்டங்களின் பெரும் எமன் மலேரியாக் காய்ச்சல். அனோபிலிஸ் மாக்குலேட்டஸ் என்ற கொசு, வெயில்படும் தெளிந்த ஓடைநீரில் முட்டையிடுவது. மலைச்சரிவில் காட்டை வெட்டி ரப்பர் நட்டபோது, நிழலில் ஓடிய ஓடைகள் வெயிலுக்கு வந்தன, கொசு பெருகியது. அசுத்தமான குட்டையில்தான் கொசு வளரும் என்று நம்பியவர்கள் ஏமாந்தார்கள். டாக்டர் மால்கம் வாட்சன் 1901 முதல் கிள்ளான் பகுதியில் வடிகால் வெட்டிக் காய்ச்சலைக் குறைத்துக் காட்டினார். பின்னர் மலைப்பகுதி ஓடைகளுக்கு வேறு வழி தேவை என்று கண்டு, நிலத்தடி வடிகாலும் எண்ணெய் தெளிப்பும் கையாளப்பட்டன. திரும்பத் திரும்பக் காய்ச்சல் கண்ட உடம்பில் இரத்தம் சுண்டிவிடும். அந்த உடம்போடு பிள்ளை பெறும் தாயின் நிலையைச் சொல்லவும் வேண்டுமோ? 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம் பேறுகால உதவியும் குழந்தைக் காப்பகமும் தர வேண்டும் என்றது. சட்டம் ஏட்டில் இருக்கிறதா, லயத்தில் இருக்கிறதா என்பதைத் தோட்டத்தில் வாழ்பவரே சொல்ல முடியும்.

பெண்ணின் மானமும் ஊரின் நலமும் எழுத்தும் ஒன்றாகக் கைகோத்த நிகழ்ச்சி ஒன்று 1941இல் நடந்தது. நீலாயிலிருந்து வெகு தூரமில்லாத கிள்ளான் வட்டாரத்துத் தோட்டங்களில் மூண்ட வேலைநிறுத்தமே அது. அதன் தலைவர்களில் ஒருவரான ஆர். எச். நாதன் 'தமிழ் நேசன்' பத்திரிகையில் பணிபுரிந்தவர். தொழிலாளர் வைத்த கோரிக்கைகளில் கூலி உயர்வு மட்டுமா இருந்தது? பெண்களிடம் முறைகேடாக நடப்பதை நிறுத்த வேண்டும், சரியான மருத்துவ வசதி வேண்டும், கள்ளுக்கடைகளை மூட வேண்டும், துரைமார் முன்னால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டிய வழக்கம் ஒழிய வேண்டும் என்பனவும் இருந்தன. நாதன் மே மாதம் கைது செய்யப்பட்டு நாடு கடத்தப்பட்டார். துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் உயிர் இழந்தனர். ஆனால் லயத்துக்குள் முணுமுணுக்கப்பட்டவை அன்று வரிசை எண்ணிட்ட கோரிக்கைகளாகிவிட்டன. எழுதப்பட்ட குறையை மறுபடியும் வாய்க்குள் திணிக்க எவராலும் முடியாது.

1943இல் ஜான்சி ராணிப் படையில் நம் பெண்கள் துப்பாக்கி ஏந்தினார்கள். அவர்களுள் ஒருவரான இராசம்மா பூபாலன் பின்னர் ஆசிரியைகளுக்குச் சங்கம் கண்டு, சமவேலைக்குச் சம ஊதியம் கேட்டுப் போராடினார். கூட்டரசு அரசியல் சட்டத்தின் 8ஆம் பிரிவு, சமயம், இனம், வமிசாவளி, பிறந்த இடம் காரணமாகக் குடிமக்களிடையே பாகுபாடு கூடாது என்று 1957இலேயே சொன்னது. 'பால்' என்ற சொல் அந்தப் பட்டியலில் சேர்ந்தது 2001ஆம் ஆண்டில். ஒரே ஒரு சொல்! அது ஏட்டில் ஏற 44 ஆண்டுகள் ஆயின. தனியார் துறையில் பேறுகால விடுப்பு 60 நாளிலிருந்து 98 நாளாக உயர்ந்ததும் 2023 ஜனவரி முதல்தான்.

உடல்நலச் செய்தியின் அருமையை நெகிரி செம்பிலான் மாநிலமே ஒருமுறை கண்ணீரோடு கற்றது. 1998ஆம் ஆண்டின் இறுதியில், புக்கிட் பிலாண்டோக் பகுதியில் பன்றி வளர்ப்பவர்களை மூளைக்காய்ச்சல் தாக்கியது. கொசுவால் வரும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்றெண்ணிப் புகை அடித்தார்கள், ஊசி போட்டார்கள். அந்தக் காய்ச்சல் பெரும்பாலும் பிள்ளைகளைத் தாக்குவது. இங்கோ பன்றிகளோடு நேராகப் பழகிய பெரியவர்கள் விழுந்தார்கள். பன்றிகளும் இருமிச் செத்தன. 1999 மார்ச்சில்தான் இது புதிய கிருமி என்று தெளிவாயிற்று. சுங்கை நிப்பா என்ற ஊரின் பெயரால் அது 'நிப்பா' ஆயிற்று. நாட்டில் 100க்கு மேற்பட்டோர் மாண்டனர். யார் விழுகிறார்கள், அவர்கள் எதைத் தொட்டார்கள் என்ற விவரம் அக்கம்பக்கத்தார் அறிந்தது. அத்தகைய விவரம் உரிய இடத்துக்கு விரைந்து சேர்வதே பாதி மருத்துவம்.

ஆகவே, நேயர்களே, இன்று எழுத வருகின்ற தம்பி தங்கையருக்கு நாம் சொல்ல விரும்புவது இதுதான். மகளிர் தினத்தன்று பெண்ணைத் தெய்வமென்று புகழ்ந்து ஒரு பக்கம் எழுதுவது எளிது. உங்கள் தொழிற்சாலையில் ஒரே வேலைக்கு இருவர் வாங்கும் சம்பளத்தைக் கேட்டுக் குறித்துக்கொள்வது கடினம், பயனுள்ளது அதுவே. சுகாதார தினத்தன்று சுத்தம் சுகம் தரும் என்று எழுதலாம். உங்கள் வரிசை வீட்டுக்குப் பின்னால் எத்தனை நாளாகச் சாக்கடை தேங்கி நிற்கிறது என்று தேதியிட்டும் எழுதலாம். கண்டதையும் கேட்டதையும் கலக்காதீர்கள். நோயாளியின் பெயரை வெளியிடாதீர்கள். முக்கியமாக, அம்மாவுக்காக நீங்கள் எழுதுவதோடு நிற்காமல், அம்மாவின் கையிலும் எழுதுகோலைக் கொடுங்கள்.

நீலாயின் ரப்பர் நிரைகள் பல மறைந்துவிட்டன. பெயர் போடாமல் கடிதம் எழுதிய அந்த மனிதர்களும் மறைந்துவிட்டார்கள். அவர்கள் அஞ்சி அஞ்சி எழுதியதை நாம் நம் பெயர் போட்டே எழுதலாம். அந்த ஐந்தாவது பங்கு எங்கே என்று கேட்கும் கடமை இன்னும் முடிந்துவிடவில்லை.