1952: வாலாஜா சாலையில் பிறந்த ஒரு மெஜாரிட்டி

பதிவு கொஞ்சம் நீளம். காபியைக் கையில் வைத்துக்கொண்டு பொறுமையாகப் படியுங்கள்.

கூட்டணி ஆட்சி பற்றி நம் வாட்ஸ்அப் குழுவில் ஒரு வாரமாகச் சண்டை. "தமிழ்நாட்டுக்கு அது ஒத்துவராது சார், நமக்குப் பழக்கமே கிடையாது" என்று எழுதியிருக்கிறான் ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் நகரில் வேலை பார்க்கும் என் பழைய மாணவன். அவன் வரி கட்டும் பாடன்-வூர்ட்டம்பர்க் மாநிலமோ பிறந்ததே கூட்டணியில். நம்ம ஊர்க் கதையும் அப்படி ஒன்றும் சுத்தமான ஒற்றைக் கட்சிக் கதை இல்லை. அதற்குச் சாட்சியான இடங்கள் திருவல்லிக்கேணியிலிருந்து நடந்து போகும் தூரத்தில்தான் இருக்கின்றன.

முதலில் ஒரு சின்ன முன்கதை. பிராமணரல்லாத மாணவர்கள் தங்கிப் படிக்க டாக்டர் நடேச முதலியார் 'திராவிடர் இல்லம்' நடத்தியது நம் பேட்டையில்தான். 1916-ல் உருவான நீதிக்கட்சியின் வேர்களில் ஒன்று அது. 1920 தேர்தலில் அந்தக் கட்சி ஜெயித்து முதல் மந்திரிசபை அமைத்தது. 1926-ல் தோற்றது. தேர்ந்தெடுக்கப்படும் 98 இடங்களில் சுயராஜ்யக் கட்சிக்கு 41, நீதிக்கட்சிக்கு 21. பெரிய கட்சி சுயராஜ்யக் கட்சிதான். ஆனால் வெள்ளைக்காரன் கொடுத்த இரட்டையாட்சியில் பதவி ஏற்க மாட்டோம் என்று அவர்கள் ஒதுங்கிக்கொண்டார்கள். கவர்னர் கோஷன் என்ன செய்தார்? எந்தக் கட்சியிலும் இல்லாத டாக்டர் சுப்பராயனைக் கூப்பிட்டு, தான் நியமித்த உறுப்பினர்களின் துணையோடு ஆட்சி அமைக்க வைத்தார். 1928-ல் சைமன் கமிஷன் விவகாரத்தில் மந்திரிகள் இருவர் விலகினார்கள். பிறகு நீதிக்கட்சியின் ஆதரவில் அதே ஆட்சி ஓடியது. வகுப்புவாரி உத்தரவை உண்மையில் நடைமுறைக்குக் கொண்டுவந்த முத்தையா முதலியார் அந்த மந்திரிசபையில் இருந்தவர்தான். பலவீனமான ஆட்சி என்று பரீட்சையில் எழுதுவீர்கள். அது செய்த வேலை இன்றுவரை நிற்கிறது.

சரி, 1952-க்கு வருகிறேன். குடியரசான பிறகு முதல் பொதுத்தேர்தல், வயது வந்த எல்லோருக்கும் ஓட்டு. சென்னை மாகாணம் அப்போது மலபாரிலிருந்து ஆந்திரக் கடற்கரை வரை விரிந்து கிடந்தது. சட்டமன்றத்தில் 375 இடம். காங்கிரசுக்குக் கிடைத்தது 152. முதலமைச்சராக இருந்த குமாரசாமி ராஜாவே தோற்றுப்போனார், பக்தவத்சலமும் தோற்றார். கம்யூனிஸ்டுகளுக்கு 62. தி.மு.க. போட்டியிடவில்லை. திராவிட நாட்டுக் கோரிக்கைக்குக் கையெழுத்துப் போட்டுக்கொடுத்த வேட்பாளர்களை மட்டும் ஆதரித்தது. வட தமிழகத்தில் வன்னியர்களின் இரண்டு கட்சிகள் எழுந்திருந்தன: ராமசாமி படையாட்சியாரின் உழைப்பாளர் கட்சிக்கு 19 இடம், மாணிக்கவேலு நாயக்கரின் காமன்வீல் கட்சிக்கு 6.

காங்கிரஸ் அல்லாதவர்கள் ஐக்கிய ஜனநாயக முன்னணி என்று சேர்ந்து, பிரகாசத்தின் தலைமையில், எங்களிடம் 166 பேர் இருக்கிறார்கள் என்று கவர்னரிடம் சொன்னார்கள். 166 என்பதும் மெஜாரிட்டி இல்லை, பாதிக்கு 188 வேண்டும். ஆனால் 152-ஐ விடப் பெரிது. இதில் யாரைக் கூப்பிடுவது?

கவர்னர் ஸ்ரீபிரகாசா காங்கிரசைக் கூப்பிட்டார். காங்கிரசோ தேர்தலிலேயே நிற்காத ஒருவரைத் தலைவராக்கியது. கவர்னர் ஜெனரலாக இருந்து ஓய்வெடுத்துக்கொண்டிருந்த ராஜாஜி, வயது 73. அவரை ஏப்ரல் 1-ந் தேதி கவர்னர் மேலவைக்கு நியமித்தார். ஏப்ரல் 10-ல் முதலமைச்சர். இடைத்தேர்தலில் நின்று வரட்டுமே என்பதுதான் நேருவின் எண்ணம், ராஜாஜி சம்மதிக்கவில்லை. நியமனத்தை எதிர்த்துக் கம்யூனிஸ்ட் தலைவர் பி. ராமமூர்த்தி ஹைகோர்ட்டுக்குப் போனார், வழக்கு தள்ளுபடியானது.

சட்டமன்றம் அப்போது கோட்டையில் இல்லை, தெரியுமா? 375 பேருக்குக் கோட்டையில் இடம் போதாமல், வாலாஜா சாலைப் பக்கம் கவர்ன்மெண்ட் எஸ்டேட்டில் புதுக் கட்டடம் எழுப்பி, 1952 மே 3 முதல் அங்கே கூடினார்கள். அங்கேதான் அந்த மெஜாரிட்டி 'தயாரானது'. மாணிக்கவேலு நாயக்கருக்கு மந்திரி பதவி, அவருடைய ஆறு பேரும் இந்தப் பக்கம். சுயேச்சைகள் சிலர் வந்தார்கள். உழைப்பாளர் கட்சி வெளியிலிருந்து கை கொடுத்தது. கையெழுத்துப் போட்டுக்கொடுத்து ஆதரவு வாங்கியவர்கள் காங்கிரஸ் பக்கம் போனதில் தி.மு.க.வுக்கு வந்த கோபம் நியாயமானதுதான். ஜூலை 3-ல் நம்பிக்கை வாக்கெடுப்பு: ஆதரவு 200, எதிர்ப்பு 151. காங்கிரசின் 152, மூன்று மாதத்தில் 200 ஆகிவிட்டது.

இப்போது ஜெர்மனிப் பையன் கவனிக்க வேண்டிய இடம். அதே 1952, அதே ஏப்ரல். உலகப்போருக்குப் பின் துண்டாகிக் கிடந்த மூன்று மாநிலங்களை இணைத்துப் பாடன்-வூர்ட்டம்பர்க் பிறக்கிறது. மார்ச் 9-ல் தேர்தல், 121 இடம். பெரிய கட்சி கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சி, 50 இடம். நூற்றுக்கு 41. நம் காங்கிரசின் கணக்கும் கிட்டத்தட்ட அதேதான், நூற்றுக்கு 40-க்குச் சற்று மேல். ஆனால் அங்கே நடந்தது தலைகீழ். 23 இடம் மட்டுமே வைத்திருந்த சுதந்திர ஜனநாயகவாதிகளின் தலைவர் ரைன்ஹோல்ட் மையர், 38 இடம் வைத்திருந்த சமூக ஜனநாயகவாதிகளையும், போரில் வீடிழந்து வந்த அகதிகளின் கட்சியையும் சேர்த்துக்கொண்டு ஏப்ரல் 25-ல் பிரதமரானார். (அங்கே மாநில முதல்வரையும் பிரதமர் என்றுதான் சொல்வார்கள்.) பெரிய கட்சி வெளியே உட்கார்ந்தது. ராஜாஜி பதவியேற்றுச் சரியாகப் பதினைந்து நாள் ஆகியிருந்தது.

ஏன் இந்த வித்தியாசம்? அங்கே கவர்னர் என்று ஒருவர் கிடையாது. சபை கூடி ஓட்டுப்போட்டு முதல்வரைத் தேர்ந்தெடுத்த பிறகுதான் ஆட்சி. இங்கே கவர்னர் முதலில் கூப்பிடுவார், அழைக்கப்பட்டவர் பதவியில் உட்கார்ந்துகொண்டு மெஜாரிட்டியைத் தேடலாம். மந்திரி பதவியைக் கையில் வைத்துக்கொண்டு தேடுபவருக்கும், வெறுங்கையோடு தேடுபவருக்கும் ஒரே கிராக்கியா இருக்கும்? எந்தக் கட்சி ஜெயித்தது என்பதை விட இந்த வரிசைதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. பின்னாளில் எத்தனையோ மாநிலங்களில் நள்ளிரவிலும் விடியற்காலையிலும் நடந்த கூத்துகளுக்கெல்லாம் விதை இதில்தான் இருக்கிறது.

ராஜாஜி மோசமாக ஆண்டார் என்று நான் சொல்லவில்லை. வந்த கையோடு உணவு தானியக் கட்டுப்பாட்டை நீக்கினார், ரேஷன் வரிசையில் நின்று அலுத்தவர்கள் அவரை வாழ்த்தினார்கள். ஆனால் 1953-ல் அரைநாள் பள்ளித் திட்டம் கொண்டுவந்தபோது, அதைப் பற்றி மக்களிடம் ஓட்டுக் கேட்டு வந்தவரில்லை அவர். எதிர்ப்பு கிளம்பியதும் சொந்தக் கட்சியே நழுவியது. 1954 ஏப்ரலில் காமராஜர் வந்தார்.

காமராஜரும் அப்போது எம்.எல்.ஏ. இல்லை, நாடாளுமன்ற உறுப்பினர். மேலவை வழி அவருக்கும் திறந்தே கிடந்தது. அவர் அதைத் தொடாமல் குடியாத்தம் இடைத்தேர்தலில் நின்று ஜெயித்தார். தி.மு.க.வும் அங்கே அவரை ஆதரித்தது. தலைமைப் போட்டியில் தன்னை எதிர்த்து நின்ற சி. சுப்பிரமணியத்தையே மந்திரியாக்கினார், ராமசாமி படையாட்சியாரையும் சேர்த்துக்கொண்டார். கூட்டணி என்று யாரும் பெயர் வைக்கவில்லை. அந்தச் சின்னக் கட்சிகள் இரண்டும் காங்கிரசிலேயே கரைந்துபோயின. ஜெர்மனியில் சின்னக் கட்சி சின்னக் கட்சியாகவே மந்திரிசபையில் உட்காரும், ஒப்பந்தம் எழுதிக் கையெழுத்துப் போடும். இங்கே அதை விழுங்கிவிடுவது வழக்கமாயிற்று. விழுங்கப்பட்ட பிறகு அந்த 25 இடங்களுக்கு ஓட்டுப்போட்டவர்களின் குரல் எங்கே போயிற்று என்று யார் கேட்டார்கள்?

1967-ல் அண்ணா பெரிய கூட்டணி கட்டி ஜெயித்தார். ராஜாஜியின் சுதந்திரா, மார்க்சிஸ்ட், முஸ்லிம் லீக் எல்லோரும் ஒரே மேடையில். தி.மு.க.வுக்குத் தனி மெஜாரிட்டி கிடைத்ததால் மந்திரிசபையில் தி.மு.க. மட்டும். அண்ணாவும் தென்சென்னையில் நாடாளுமன்றத்துக்கு ஜெயித்து, பிறகு மேலவை வழியாகத்தான் முதல்வரானார் என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். 2006-ல் தி.மு.க.வுக்கு 234-ல் 96 தான். காங்கிரஸ் 34 பேரோடு வெளியிலிருந்து தாங்கியது. ஜெயலலிதா மேடைக்கு மேடை 'மைனாரிட்டி அரசு' என்றே சொல்லிக்கொண்டிருந்தார், ஆனாலும் அந்த ஆட்சி ஐந்து வருடம் ஓடியது.

அங்கே 2011-ல் கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சிக்கு 60 இடம், பசுமைக் கட்சிக்கு 36, சமூக ஜனநாயகவாதிகளுக்கு 35. மொத்தம் 138. பின்னவர்கள் இருவரும் சேர்ந்து 71. கிரெட்ச்மான் என்ற பசுமைக் கட்சிக்காரர், அவரும் ஒரு வாத்தியார், பிரதமரானார். 58 வருடம் ஆண்ட கட்சி எதிர்வரிசைக்குப் போனது. யாரும் ராஜ்பவன் வாசலில் எம்.எல்.ஏ.க்களை அணிவகுக்க வைக்கவில்லை, ரிசார்ட்டுக்கும் பஸ் ஏற்றவில்லை.

அந்த 1952 கட்டடம் பின்னாளில் பாலர் அரங்கம் ஆயிற்று, 1974-ல் கலைவாணர் அரங்கம். அதை இடித்து, அதே பெயரில் புதிதாகக் கட்டினார்கள். 2020-ல் கொரோனா வந்து, உறுப்பினர்கள் தள்ளித் தள்ளி உட்காரக் கோட்டையில் இடமில்லாமல் போனபோது, சட்டமன்றம் மறுபடி அதே வாலாஜா சாலைக்கு வந்து உட்கார்ந்தது. 2021-ல் ஜெயித்த எம்.எல்.ஏ.க்கள் பதவிப் பிரமாணம் எடுத்ததும் அங்கேதான்.