ஆனையிறவில் நிற்கும் இரும்பு வாகனம்

மன்னாரிலிருந்து விடியற்புறம் புறப்பட்டு, வெள்ளாங்குளம், பூநகரி, பரந்தன் வழியாக நாம் ஆனையிறவை அடைந்தபோது உச்சிவெயில் ஏறிவிட்டது. வீதியோரத்தில் நினைவுச்சின்னமாக நிறுத்தப்பட்டிருக்கும் பெரும் இயந்திரத்தைக் கண்டதும் எம்முடன் வந்த இளைஞர்கள் இறங்கி ஓடினர். பெரியவர்கள் இறங்கச் சற்றுத் தாமதித்தனர்; காரணத்தை நாம் கேட்கவில்லை.

வன்னிக் காடுகளிற் பிடித்த யானைகளை ஆழங்குறைந்த இந்நீரேரி வழியே குடாநாட்டுக்கு நடத்திச் சென்றமையாலேயே இவ்விடம் இப்பெயர் பெற்றது. ஒல்லாந்தர் காலத்தில் யானை வாணிகம் பெருவருவாய் தந்தது. இக்கழுத்து நிலத்தைக் காக்க அவர்கள் ஒரு சிறு கோட்டையும் வைத்திருந்தனர். முன்பு குடாநாட்டுக்குத் தரைவழியாகப் போவோர் பெரும்பாலும் இதனைக் கடந்தே போகவேண்டியிருந்தது. போர்க்காலத்தில் இம்மண் பட்ட பாட்டிற்கு அதுவே காரணம்.

இனி இயந்திரத்திற்கு வருவோம். இது போருக்கெனப் பிறந்ததன்று. மண்ணைத் தள்ளி நிலந் திருத்தும் புல்டோசர். சக்கரம் புதையும் சேற்றிலும் சங்கிலிப்பட்டை புதையாது, பாரம் பரந்து நிற்பதால். அமெரிக்காவில் ஹோல்ட் என்பார் 1904 இல் இப்பட்டையைப் பூட்டிப் பார்த்தது உழவியந்திரத்திலே. பன்னிரண்டே ஆண்டுகளில், 1916 செப்டெம்பரில், பிரான்சின் சொம் போர்க்களத்திற் பிரித்தானியரின் தாங்கிகள் அத்தகைய பட்டைகளில் ஊர்ந்தன. கலப்பைக்குக் கண்ட உபாயம் பீரங்கிக்குப் போயிற்று!

ஆனையிறவிலும் அதுவே நிகழ்ந்தது. 1991 யூலையில் விடுதலைப் புலிகள் இங்கிருந்த இராணுவ முகாமை முற்றுகையிட்டனர். சுற்றிலும் ஒளிய ஒரு பற்றையுமில்லாத உவர்வெளி. ஆகவே புல்டோசருக்கு இரும்புத் தகடு போர்த்தி முன்னே செலுத்தினர். யூலை 14 இல் சிங்கப் படைப்பிரிவைச் சேர்ந்த காமினி குலரத்ன கைக்குண்டுகளுடன் அதன்மேல் ஏறி, அதனை நிறுத்தித் தாமும் மாண்டார். அவருக்குப் பரம வீர விபூஷணய விருது வழங்கப்பட்டது. முகாம் அன்று விழவில்லை; 2000 ஏப்ரலில் விழுந்தது; 2009 சனவரியில் மீண்டும் இராணுவத்தின் கைக்கு வந்தது.

"உள்ளே இருந்தவர்கள் யார்?" என்று எம்மில் இளையவன் ஒருவன் கேட்டான். ஏறியவரின் பெயரைப் பாடசாலைப் பிள்ளைகளும் அறிவர். உள்ளிருந்தோரின் பெயர் எமக்குத் தெரிந்திருக்கவில்லை. அவர்களையும் ஒரு தாய் பெற்றிருப்பாள்.

முதியவர் ஒருவர் சங்கிலிப்பட்டையை நெடுநேரம் பார்த்து நின்றார். "இப்படியொன்றுதான் தம்பி, எங்கள் குளக்கட்டுக்கு மண் தள்ளினது" என்றார். பின்பு அனைவரும் உப்பளத்தைப் பார்க்க நடந்தோம்.