தாகேதாவுக்கு வந்த பனிமனிதன்

தாகேதாவுக்கு வயது அதிகமில்லை. ரங்கூன் (இன்றைய யாங்கோன்) நகருக்குள் குடிசை போட்டிருந்தவர்களை 1959இல் ஜெனரல் நே வின்னின் இடைக்கால அரசு கிளப்பிக் கொண்டுவந்து குடியேற்றிய ஊர் இது. தெற்கு, வடக்கு ஒக்கலாபாக்களும் அதே வேகத்தில் முளைத்தவைதான். ஊர் காலூன்றுவதற்குள் 1964 வந்துவிட்டது. கடைகள் அரசுடைமையாயின. மே மாதம் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாமல் போயின. லட்சக்கணக்கான இந்தியர்கள் நாட்டைவிட்டுப் போனார்கள். மறுவருடம் தனியார் பள்ளிகளையும் அரசு எடுத்துக்கொண்டது. தமிழ்ப் பாடம் கோவில் திண்ணைக்கு ஒதுங்கியது.

திண்ணையில் ஆத்திசூடி உண்டு, தேவாரம் உண்டு. கதைப் புத்தகம்தான் இல்லை. 1972இல் சிவகாசி முத்து காமிக்ஸ் ‘இரும்புக்கை மாயாவி’யை இறக்கியபோது தமிழ்நாட்டுப் பையன்கள் பள்ளிப் புத்தகத்துக்குள் ஒளித்துவைத்துப் படித்தார்களாம். மின்சாரம் பாய்ந்தால் உடல் மறைந்து இரும்புக்கை மட்டும் தெரியும் அந்த ஆள் எங்கள் தெருப்பக்கம் வரவே இல்லை. பெரியவனான பிறகு படித்தேன். விறுவிறுப்புக்குக் குறைவில்லை. ஆனால் அதில் விஞ்ஞானம் என்பது கைக்குக் கிடைத்த வல்லமை, அவ்வளவுதான்.

2014இல் சிம் கார்டு விலை 1,500 கியாட்டுக்கு இறங்கியது. தமிழ்நாட்டுப் புத்தகங்கள் கைபேசி வழியாக வர ஆரம்பித்தன. அப்படி வந்ததுதான் ஜெயமோகனின் ‘பனிமனிதன்’. தினமணி சிறுவர்மணியில் தொடராக வந்த நாவல். ராணுவ அதிகாரி பாண்டியன், டாக்டர் திவாகர், கிம் என்ற பௌத்தச் சிறுவன் மூவரும் இமயமலையில் பனிமனிதனைத் தேடிப் போகிறார்கள். 1951இல் எரிக் ஷிப்டன் எவரெஸ்ட் பக்கம் படமெடுத்த காலடித் தடத்திலிருந்து, பனிமனிதன் உண்டா என்று உலகமே கேட்டுக்கொண்டிருக்கிறது. பரிணாமம், பனிப்பாறை, மனித மனம் என்று கதையோடு கதையாகப் பாடமும் நடக்கிறது. சில இடங்களில் பாடம் கொஞ்சம் நீளம்தான், திண்ணையில் நான் வாசித்துக் காட்டும்போது பிள்ளைகள் நெளிவார்கள்.

ஆனால் கிம் வந்ததும் நிமிர்ந்துவிடுவார்கள். காலையில் திருவோட்டோடு வரிசையாகப் போகும் குட்டிப் பொங்கிகளை, அதாவது சின்னப் பிக்குகளை, தினமும் பார்க்கிற பிள்ளைகள் அல்லவா! அவர்களுக்கு அவன் தெருக்காரன். “சயா, அவன் எந்தச் சவுங்?” (வாத்தியாரே, அவன் எந்த மடம்?) என்று கேட்ட வாண்டு ஒன்று உண்டு.

நீதி என்று தனியாக எதையும் நான் சொல்லிக்கொடுப்பதில்லை. பனிமனிதனைப் பிடித்துவந்து கூண்டில் காட்டுவது கதை அல்ல. கண்டுபிடிப்பதோடு விஞ்ஞானியின் பொறுப்பு முடிந்துவிடுவதில்லை, கண்டதை என்ன செய்வது என்பதில்தான் அவன் யாரென்று தெரிகிறது. இரும்புக்கைக்காரனிடம் பிள்ளைகளுக்குக் கிடைக்காத விஷயம் அது. என் தீர்ப்பில் இந்த நாவலே ஒரு படி மேல்.

கைபேசித் திரை பத்துப் பிள்ளைகளுக்குப் போதாது. சென்னையிலிருந்து யாங்கோன் வருகிறவர்கள் பெட்டியில் இடமிருந்தால் சிறுவர் நாவல் ஒன்றைப் போட்டுக்கொண்டு வாருங்கள். எழுத்து பெரிதாக இருக்கட்டும்.